இரண்டாவது தகப்பனுக்கு விடுப்பு

திருத்தங்கல் அச்சகத்தில் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பதினாறு பக்கம்தான் பாக்கி. அதில் ஒரு பக்கம் முழுக்க வம்ச வரைபடம். அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் குடியேறிய காலத்தில் ஒகையோ ஆற்றுப் பக்கம் இருந்த ஷானி இனத் தலைவர்களில் யாருக்கு யார் என்ன உறவு என்று காட்டுகிற படம்.

கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற புகழேந்திக்கு அன்று காலை அச்சங்குளத்திலிருந்து தகவல் வந்தது. பெரியப்பா சீனிச்சாமி போய்விட்டார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் இவன்தான்.

காலண்டர் சீசன். பதினோரு நாளாக ஓய்வில்லை. கண் எரிந்தது, அழுகைதான் வரவில்லை.

மேனேஜர் முனியராஜ் விடுப்பு நோட்டைப் புரட்டினார்.

"தகப்பன் சாவுக்கு மூணு நாள். அதைத்தான் போன வருசமே எடுத்துட்டியேலே. எத்தனை அப்பன் ஒனக்கு?"

"பெரியப்பா, அண்ணாச்சி."

"பெரியப்பா, சித்தப்பானு ஆரம்பிச்சா கம்பெனில மெசின் மட்டுந்தான் நிக்கும்." நோட்டை மூடிவிட்டு வரைபடத்தை இழுத்தார். "மொதல்ல இதைச் சொல்லு. இந்தத் தலைவனுக்கு மேல நேர்கோடு ஒண்ணு, புள்ளிக்கோடு ஒண்ணு. ரெண்டு அப்பனா? படிக்கிறவன் சிரிப்பாம்லே. புள்ளிக்கோட்டை எடு."

எடுத்தால் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். ஆனால் அது தப்பு. தப்பென்று தெரிந்த பக்கத்தை அனுப்ப அவனுக்குக் கை வராது. நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நேர்கோடு பெத்தவரு. புள்ளிக்கோடு அவரு கூடப்பிறந்தவரு. அந்த ஷானி ஆளுகளுக்கு அப்பாகூடப் பிறந்த ஆம்பளையும் அப்பாதான். அவரு பிள்ளைக அண்ணன் தம்பி. தாய்மாமன் மட்டும் வேற உறவு."

"நம்ம மாதிரியா?"

"இந்த அளவுக்கு நம்ம மாதிரிதான். வெள்ளைக்கார அதிகாரிக்கு இது தெரியாது. இவரு எந்தம்பின்னு ஒரு தலைவரு சொன்னா, ஒரே வயித்துப் பிள்ளைகன்னு எழுதிக்கிட்டான். அந்தக் கடுதாசிகளை வச்சுக்கிட்டு யாரு யாரு பெத்த பிள்ளைன்னு இன்னைக்கும் மண்டையை உடைக்கிறாக. அதுக்குத்தான் ரெண்டு கோடு. ஒண்ணு பிறப்பு, ஒண்ணு உறவு."

முனியராஜ் படத்தின் மேல் விரலை ஓட்டினார். "அப்போ இவரு செத்தா பட்டம் யாருக்கு?"

"பெரும்பாலும் மகனுக்கு. மகன் இல்லைன்னா அண்ணன் தம்பி வழில வரும்."

"சரியாத்தாம்லே இருக்கு." பக்கத்தை அச்சுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டார்.

போன் அடித்தது. பெரியம்மா மாடத்தி. "ஏய்யா, எங்கன இருக்க? நீர்மாலைக்குத் தண்ணி எடுக்க எல்லாரும் நிக்காக. குளிப்பாட்டணும். மூணு மணிக்குத் தூக்கிருவாகளாம்."

"வந்துருதேன் பெரியம்மா."

அந்தக் குரல் முனியராஜுக்கும் கேட்டிருக்க வேண்டும். தலை நிமிராமல் சொன்னார். "இன்னைக்குப் போ. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு இங்க இருக்கணும். லோடு ஏத்தணும்."

"காலைல காடாத்து இருக்கு அண்ணாச்சி. கொள்ளி வச்சவந்தான் சாம்பல்ல பாலு ஊத்தணும்."

"படத்துக்கு ரெண்டு அப்பன் சரி. நோட்டுல ஒரு அப்பனுக்குத்தான் எடம். நான் என்ன செய்ய? மொதலாளி எழுதுனது. எட்டு மணிக்கு வரலைன்னா சீசன் முடியிற வரைக்கும் வராத. வேற ஆளு போட்டுருவாக."

புகழேந்திக்கு வாதாடச் சத்தில்லை. பைக்கை எடுத்தான்.

மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். தலையை மழித்தார்கள். தோளில் தண்ணீர்க் கலயத்தை வைத்து, அதில் ஓட்டை கொத்திவிட்டு, சிதையைச் சுற்றச் சொன்னார்கள். மூன்று சுற்றும் நடந்தான். கால் தானாக நடந்தது. திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்தவன், மாடத்தி சோற்றுத் தட்டை வைத்ததுகூடத் தெரியாமல் தூங்கிப்போனான்.

காலையில் மாடத்திதான் எழுப்பினாள். "ஏய்யா, வேலைக்குப் போகணும்னா போய்யா. எந்தம்பி மகன் பாலை ஊத்தட்டும். ஒங்க பெரியப்பா ஒண்ணும் நினைக்க மாட்டாக."

அவளுடைய தம்பி மகன் என்றால் பெரியப்பாவுக்கு மருமகன் முறை, மகன் முறை இல்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் இவனுக்காகத்தான் சொல்கிறாள்.

"பால் செம்பை எடுங்க பெரியம்மா," என்று சொல்லிச் சட்டையை மாட்டினான்.

சுடுகாட்டுக்குப் போனபோது மணி எட்டேகால். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. சாம்பல் ஆறவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆறுகிறவரை காத்திருந்தான்.