பின்பக்கம் தூக்கிய கார்

டைல்ஸ்காரருக்குக் கோணல் ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாய்ந்து தொங்கும் படத்தைக் கேட்காமலே நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். அப்படிப்பட்டவரின் வாசலிலேயே மூன்று வருடமாக ஒரு கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றால் மனுஷன் எப்படி நிம்மதியாக இருப்பார்?

காருக்கு இருபத்தெட்டு வயது. மறைந்த மாமனார் ஓட்டியது. இன்னும் மாமியார் பெயரில்தான் இருந்தது. "அவர் வெச்சிருந்த மாதிரியே வெச்சிருந்தா உங்க பேருக்கு மாத்தித் தர்றேன் மாப்பிள்ளை. ஒரு திருகாணியைத் தொட்டீங்கன்னாலும் வண்டி பெரிய மாப்பிள்ளைக்கு" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை காலை ஏஜென்ட் ஆபீஸில் அதற்குக் கையெழுத்து.

அதுவரை பொறுத்திருக்கலாம். ஆனால் வியாழக்கிழமை மெக்கானிக் வந்து, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டுக்கு ஒரு வண்டி வந்திருப்பதாகச் சொன்னார்.

"உங்க வண்டிக்குத் தம்பிண்ணே. ஒரே கம்பெனி, ஒரே அடிப்பாகம். ரெண்டே கதவு, குள்ள ஸ்ப்ரிங். அதைக் கழட்டி இதுல மாட்டினா சும்மா தரையோட தரையா உக்காரும். நாளைக்கு விட்டா வித்துருவாங்க."

"அத்தை கண்டுபிடிச்சிட்டாங்கன்னா?"

"ரெண்டு விரல்கடை இறங்கறதைப் பாக்க உங்க அத்தை அளவுகோலோடவா வரப்போறாங்க?"

வெள்ளிக்கிழமை வேலை நடந்தது. முன்பக்கத்து ஸ்ப்ரிங் இரண்டையும் மெக்கானிக் அந்தத் தம்பி வண்டியிலிருந்தே கழற்றினார். பின்பக்கத்து ஸ்ப்ரிங்குகளை யார்டுக்காரர் ஏற்கனவே கழற்றிக் குவியலில் எறிந்திருந்தார். மெக்கானிக்கிடம் ஒரு பழக்கம் உண்டு. எதை வாங்கப் போனாலும் பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டார். அன்றும் காரின் பழைய பின் ஸ்ப்ரிங்கைப் பக்கத்தில் நிறுத்தி, உயரம் பார்த்து, சுற்றுகளை எண்ணி, அச்சு அசலாக அதே மாதிரி இரண்டைப் பொறுக்கிக்கொண்டு வெற்றிவீரராகத் திரும்பினார்.

மாட்டி முடித்து ஜாக்கியை இறக்கினார்கள். முன்பக்கம் அழகாக உட்கார்ந்தது. பின்பக்கம் முன்பு எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. தரையில் எதையோ தொலைத்துவிட்டுக் குனிந்து தேடுவதுபோல் நின்றது கார்.

"ஏம்ப்பா, பழசு மாதிரியே பாத்து வாங்கினா வண்டி எப்படிப்பா இறங்கும்?"

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். "ஆனா பொருத்தம் கரெக்டா இருந்துச்சுண்ணே."

"முன்னாடி இருந்த பழசையாவது திருப்பி மாட்டு."

"எல்லாத்தையும் யார்டுலயே போட்டுட்டேன். சனி ஞாயிறு அவங்களுக்கு லீவு, இனி திங்கக்கிழமைதான் திறப்பாங்க."

டைல்ஸ்காரர் காரைக் கடைக்கு ஓட்டிப்போனார். தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைக் கதவின் அடிப்படியில் வைத்துவிட்டு, டைல்ஸ் பெட்டிகளை ஒவ்வொன்றாக டிக்கியில் ஏற்றினார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓடிவந்து கண்ணாடிக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். ஐந்தாவது பெட்டியில் குமிழி நடுவில் வந்து நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "என்னங்க, நாளைக்கு எங்கம்மா பின்சீட்டுலதானே உக்காருவாங்க? அவங்களை எத்தனை பெட்டின்னு வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"அத்தை என்ன எடை இருப்பாங்க?"

"அதைப் போய் கேட்டுடாதீங்க. காரோட சேத்து பொண்ணையும் திருப்பி வாங்கிட்டுப் போயிடுவாங்க."

உத்தேசமாக மூன்று பெட்டிகளை இறக்கினார்.

மறுநாள் காலை மாமியார் வந்ததும், காரைச் சுற்றிப் பார்க்க விடாமல், "ஏறுங்க அத்தை, நேரமாச்சு" என்று பின்கதவைத் திறந்து பிடித்தார். மாமியார் ஏறினார். கார் சமமாகிவிட்டதுபோல்தான் தெரிந்தது. அத்தோடு போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பார். கை கேட்கவில்லை. ரசமட்டத்தை எடுத்து மாமியாரின் காலடியில் வைத்தார். குமிழி மயிரிழை பிசகாமல் நடுவில் நின்றது. "மூணேதான்!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டார்.

"எது மூணு?"

மாமியார் இறங்கினார். பின்பக்கம் எழுந்தது. ஒரு காலை உள்ளே வைத்து அழுத்தினார். தாழ்ந்தது. எடுத்தார், எழுந்தது. மறுபடி ஒரு முறை செய்து பார்த்துவிட்டு, பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். இரண்டு பெட்டி டைல்ஸ் இருந்தது.

"ஸ்ப்ரிங்கை மாத்தினீங்களா மாப்பிள்ளை?"

டைல்ஸ்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அவரும் இந்த வேலையைத்தான் பண்ணினார். நான் ஏறினா பின்பக்கம் படுத்துக்குதாம். எனக்குத் தெரியாம, மூட்டை ஏத்தற நீள வண்டி ஒண்ணு இதே கம்பெனியில உண்டே, அதோட ஸ்ப்ரிங்கைப் பின்னாடி போட்டார். அன்னையிலேர்ந்துதான் இது பின்பக்கத்தைத் தூக்கிட்டு நிக்குது. ஏன்னு கேட்டா ரோடு சரியில்லைன்னார். உண்மை தெரிஞ்சதும் ஒரு மாசம் அவரோட பேசல."

டைல்ஸ்காரர் சாவியை எடுத்து நீட்டினார். "பெரிய மாப்பிள்ளையை வரச் சொல்லட்டுமா அத்தை?"

"எதுக்கு? அவர் வெச்சிருந்த மாதிரியே வெச்சிருக்கணும்னு சொன்னேன். வெச்சிருக்கீங்க. திருட்டுத்தனம் உட்பட." மாமியார் கையை நீட்டினார். சாவியை வாங்கவில்லை, ரசமட்டத்தை வாங்கினார். கைப்பைக்குள் செருகினார். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இது இனிமே என்கிட்ட இருக்கட்டும். எடுங்க வண்டியை, கையெழுத்துப் போடணும்."

இந்த முறை அவர் முன்சீட்டில் ஏறினார். முன்பக்கம் இன்னும் ஒரு விரல்கடை இறங்கியது. டைல்ஸ்காரர் அதைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, பார்க்காததுபோல் இருந்துகொண்டார்.