பாக்கியம் சொன்ன ஒரே பெயர்

ஐயாசாமிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான், இறுக்கினான், மறுபடி தளர்த்தினான். முப்பத்தேழாம் வருஷத்துக் கரும்புத் தோட்டக் கலவரத்தைப் பற்றி தீவின் கிழக்கே சென்ட்ர் டி ஃப்ளாக் ஊரில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. விசாரிக்க வந்த துரை கப்பலிலிருந்து இறங்கிய சூடு இன்னும் ஆறாதவர். பிரெஞ்சு கலந்த தீவுப் பேச்சான கிரியோலில் ஒரு சொல்லும் தெரியாது. சாட்சிகளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க இவன். தோட்டத்துப் பிள்ளை படித்து மேலே வந்துவிட்டான் என்று ஊரே மெச்சிய வேலை.

அந்த மெச்சலுக்குக் காரணமான மாமா நாகலிங்கம், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் கங்காணி. அங்கே சிர்தார் என்பார்கள். தகப்பன் இல்லாத ஐயாசாமியைத் தம் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டுப் படிக்க வைத்தவர். முந்தின நாள் சாப்பிடும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்:

"மோ கார்சோன், என் பிள்ளை, பார்த்துப் பேசு."

சாட்சிக் கூண்டில் பாக்கியம் ஏறினாள். கை முறிந்து வீட்டில் கிடக்கும் கூலியாள் திருவேங்கடத்தின் மனைவி. அடித்தவன் யாரென்று பதிவானால் திருவேங்கடத்துக்கு நியாயம் உண்டு. இல்லாவிட்டால், கூட்ட நெரிசலில் விழுந்தான் என்று முடித்துவிடுவார்கள்.

அவள் கிரியோலில் கொட்டினாள்: "கூலியைக் குறைக்காதீங்கன்னு என் வீட்டுக்காரரு கேட்டாரு. அதுக்கு சிர்தார் நாகலிங்கம் தடியாலே அடிச்சான். கீழே விழுந்த பெறகும் அடிச்சான்."

இங்கிலீஷில் ஒரு சௌகரியம் உண்டு. அடித்தவனை வாசலில் நிறுத்திவிட்டு, அடியை மட்டும் உள்ளே கூட்டி வரலாம். தமிழிலும் உண்டுதான், ஆனால் இங்கிலீஷில் அது கோட்டு மாட்டிக்கொண்டு வரும். அவள் கணவன் அடிக்கப்பட்டான் என்றான் ஐயாசாமி. தடிக்கு 'வித்' வந்தது. காரணத்துக்கு 'பிகாஸ்' வந்தது. விழுந்த பிறகும் என்பதற்கு 'ஆஃப்டர்' கூட மறக்காமல் வந்தது. இன்னாரால் என்று சொல்லும் 'பை' மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். வெட்கங்கெட்ட வாக்கியம்!

துரை எழுதிக்கொண்டார். இரண்டு பாஷையும் தெரிந்த கனவான்கள் அங்கே இல்லாமல் இல்லை. தோட்டத்து வக்கீல் தம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை போகலாம் என்று கையசைத்தார். பாக்கியம் இறங்கவில்லை.

"தம்பி, நான் சொன்னதை நீ சொல்லலியே."

"சொன்னேன், அக்கா."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா பேரு எந்தப் பாஷையிலயும் பேருதானே? புருஷன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு அவரு பேரைக்கூட நான் சொல்லல. இங்க வந்து நான் சொன்னது ஒரே ஒரு பேரு. அது உன் வாயிலேர்ந்து வரலியே."

துரை நிமிர்ந்தார். "என்ன சொல்கிறாள்?"

ஐயாசாமி திரும்பிப் பார்த்தான். மாமாவின் விரல்கள் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தன. தனக்குச் சோறு போட்ட கை. தடியைப் பிடித்ததும் அதே கைதான். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அடித்தது சிர்தார் நாகலிங்கம் என்கிறாள், ஐயா. முதலிலேயே சொன்னாள்."

"அது ஏன் விடுபட்டது?"

விடுபட்டுவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பேச்சிலும் விட்ட ஆள் இல்லை.

"நான்தான் விட்டேன். அவர் என் தாய்மாமா."

பாக்கியத்துக்கு அந்தப் பெயர் காதில் விழுந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கினாள்.

சாயங்காலம் ஐயாசாமி திரும்பியபோது, மாமா வீட்டு வாசலுக்கு வெளியே அவனுடைய தகரப் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. யாரால் என்று அவன் கேட்கவில்லை.