வால் ஒடிந்த தும்பி

மேக்ரோ லென்ஸ் வாங்குவதும் பெண் பார்ப்பதும் ஒன்றுதான் என்று கலைவாணி இருந்த புகைப்படக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். ஊரே யோசனை சொல்லும், கட்டிக்கொண்டு அழப்போவது நாம்தான் என்பது அவர் அனுபவம். லென்ஸைப் பற்றிச் சொன்னாரா மற்றதைப் பற்றிச் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை.

கலைவாணி பிள்ளையார்பாளையத்தில் வீட்டு மாடி அறையில் வெள்ளைத் துணி கட்டி, இணையத்தில் பட்டுப்புடவை விற்பவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவள். முன்பெல்லாம் விரித்து ஒரு படம், மடித்து ஒரு படம் என்றால் வேலை முடிந்தது. இப்போது வாங்குகிறவர்கள் சரிகையின் முறுக்கைக்கூடப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள். அவளிடம் இருந்த லென்ஸில் கிட்டப் போனால் சரிகை மஞ்சள் பூச்சு மாதிரி மசமசவென்று வந்தது. அதனால் சென்னையிலிருந்து இரண்டு மேக்ரோ லென்ஸ்களை வாடகைக்கு எடுத்து வந்திருந்தாள். ஒன்று அறுபது மில்லிமீட்டர், இன்னொன்று நூறு. பிடித்ததைப் பிறகு சொந்தமாக வாங்கிக்கொள்வதாக எண்ணம்.

இரண்டுமே கட்டைவிரல் நகம் அளவுப் பூவைப் படம் முழுக்க நிரப்பிக் காட்டும். வித்தியாசம் தூரத்தில்தான் இருந்தது. அறுபதுக்குப் புடவையிலிருந்து நாலு விரல் தூரம் வரைக்கும் குனிய வேண்டும். நூறுக்கு முக்கால் சாண் தள்ளி நின்றாலே போதும். குழுவில் கேட்டபோது, புடவை என்ன பறந்தா போகப்போகிறது, அறுபதே ஏராளம், நூறெல்லாம் பூச்சி எடுப்பவர்களுக்கு என்று ஒருவர் சொன்னார். கலைவாணி பூச்சியும் எடுப்பவள் என்பது அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்று மணலில் போய் உட்கார்ந்துகொள்வது அவளுடைய ஒரே ஆடம்பரம்.

அப்படிப் போன ஒரு மழைக்காலத்தில், தேங்கிய தண்ணீருக்கு நடுவே கோரைத் தாளில் உட்கார்ந்திருந்த தும்பி ஒன்றை எடுத்து வந்தாள். பழைய லென்ஸில் எடுத்ததுதான், அத்தனை துல்லியம் இல்லை. ஆனால் அதை அவள் கணவன் லோகேஷ் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

லோகேஷ் அவளுக்கு அத்தை மகன், நெசவுக்காரன். வீட்டின் முன்கூடத்தில் அவன் தறி. அதுவரை கடைக்காரர்கள் கொடுத்த மயிலையும் அன்னத்தையும்தான் நெய்துகொண்டிருந்தான். நன்றாக நெய்வான், ஆனால் நெய்ததில் எதுவும் அவனுடையது இல்லை. அந்தத் தும்பியைப் பார்த்த பிறகு கட்டம் போட்ட தாளில் தானே ஒன்று வரைந்தான். கட்டைவிரல் நகம் அளவுத் தும்பி, நாலு இறக்கை, நீட்டிய வால், கரை நெடுக ஒன்றன்பின் ஒன்றாக. அந்த வரைபடத்துக்குத் துளை அட்டை குத்தி வாங்கி, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஏற்றி, தறியைத் தொடங்கிவிட்டான்.

காந்தி ரோட்டில் கடை வைத்திருக்கும் ராமராஜனிடம் போய்ப் புதிதாக ஒரு பார்டர் போட்டிருப்பதாகச் சொன்னான். என்ன பார்டர் என்று மட்டும் சொல்லவில்லை. ராமராஜன் சிரித்துக்கொண்டார். ஆவணி முகூர்த்தத்துக்குக் கொண்டு வா, நன்றாக இருந்தால் தொடர்ந்து உன் பேரிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“அதுக்குள்ள வேற எவன் கடையிலயாவது அத நான் பாத்தேன்னா, எனக்கு வேணாம்பா.”

லோகேஷுக்கு அந்த நிபந்தனை பிடித்திருந்தது. அவன் எப்போதும் தறியில் ஒரு துண்டு வைத்திருப்பான். தறிக்காரர் வீட்டுக்கு யாராவது வந்தால் நெய்த பாகத்தின் மேல் துண்டைப் போட்டு மூடுவது அந்தத் தெருவில் வழக்கம். வந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் வீட்டுத் தறியிலும் துண்டு உண்டு. தும்பி ஏறிய பிறகு அவன் மாமன், மச்சான், தண்ணீர் கேன் போட வருகிறவர் என்று ஒருவரையும் விடவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே துண்டு விழுந்துவிடும். கலைவாணி ஒருத்திதான் விதிவிலக்கு.

லென்ஸ்களைச் சோதித்துப் பார்க்க அவளுக்குத் தட்டையான, சுருக்கமில்லாத பட்டு வேண்டியிருந்தது. மடித்த புடவையில் இழை நெளியும். தறியில் இருப்பதோ மத்தளத்தோல் மாதிரி விறைப்பாக நிற்கும். கைக்கெட்டும் தூரத்தில் அப்படி ஒன்று இருக்கும்போது வேறெங்கே போவாள்? அறுபதில் எடுத்தபோது லென்ஸின் நிழலே சரிகைமேல் விழுந்து மங்கலாக்கியது. நூறில் தள்ளி நின்று எடுத்தாள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு இழையும் தனித்தனியாக எழுந்து நின்றது. இரண்டு படத்தையும் அப்போதே குழுவில் போட்டு, எது நல்லது என்று கேட்டாள். படத்தில் முழுசாக ஒரு தும்பி இருந்தது. அவள் பார்த்தது தும்பியை அல்ல, துல்லியத்தை.

குழுவில் பெரிய பட்டிமன்றமே நடந்தது. பின்னணி மங்குவது எதில் அழகு, கை நடுங்கினால் எது தாங்கும், ஸ்டாண்டு வேண்டுமா வேண்டாமா என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று அவள் செல்போனை லோகேஷிடம் நீட்டினாள். அவன் இரண்டாவது படத்தை விரலால் பெரிதாக்கி, உதடு அசைய எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பிறகு முகம் மாறியது.

“இதுல இழைய எண்ணலாம் கலை. இங்க பாரு, பாதி வாலுக்கு மேல ஒரு இழை தள்ளிக்கினு போயிருக்குது.”

அட்டை குத்தியதில் பிசகு. சில அட்டைகளில் துளை ஓர் இழை தள்ளி விழுந்து, தும்பியின் வால் நடுவில் ஒடிந்த மாதிரி வந்திருந்தது. தறியில் குனிந்து குனிந்து நெய்தவன் கண்ணுக்குப் படாதது லென்ஸுக்குப் பட்டுவிட்டது. அந்த அட்டைகளை மட்டும் புதிதாகக் குத்தி வாங்கி மாற்றினான். அதற்குப் பிறகு வந்த தும்பிகளுக்கெல்லாம் வால் நேராக இருந்தது. ஒடிந்தவை புடவையின் உள்கோடியில், இடுப்பில் செருகும் பாகத்தில் இருந்ததால் அப்படியே விட்டுவிட்டான். குழு இன்னும் வாதாடிக்கொண்டிருந்தது. இழையை எண்ண முடிகிற லென்ஸைவிட வேறென்ன வேண்டும் என்று கலைவாணி அறுபதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நூறையே வாங்கினாள். இருவருக்கும் அன்று சந்தோஷம். நெசவுக்காரக் குடும்பத்தில் ஒரு படத்தைப் பாராட்ட, இழையை எண்ணலாம் என்பதற்குமேல் சொல் கிடையாது.

ஆடி பிறந்தது. செவிலிமேட்டில் வீட்டிலிருந்தபடியே செல்போனில் புடவை விற்கும் இந்திராணி, படம் எடுக்க ஒரு மூட்டை கொண்டுவந்து கொடுத்தாள். யாரோ ஏஜெண்ட் கொடுத்த புது சரக்கு என்றும், போட்டதும் விற்கிறது என்றும், கரையை மட்டும் நல்ல கிட்டத்தில் எடுத்துக் கொடு என்றும் சொல்லிவிட்டுப் போனாள். கலைவாணி மேலே இருந்த புடவையை விரித்து, லென்ஸைப் பொருத்தி, கரையின்மேல் நிறுத்தினாள்.

தும்பி. நாலு இறக்கை. வால் நடுவில் ஒடிந்திருந்தது.

உலகத்தில் இரண்டு பேருக்கு ஒரே தும்பி தோன்றலாம். ஒரே இடத்தில் வால் ஒடிய வாய்ப்பில்லை. அந்த ஒடிந்த வால் தறியில் சில நாள்தான் இருந்தது. அட்டை குத்தியவரிடம் போன தாளில்கூட வால் நேராகத்தான் இருந்தது. அதைப் பார்த்தவர்கள் அவனும் அவளும்தான். அவர்களோடு, அவள் யோசனை கேட்ட குழுவில் இருந்த அத்தனை பேரும். செல்போனை எடுத்துத் தேடிப் பிடித்து அந்தப் படத்தை அழிக்கப் பார்த்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். காலம் கடந்துவிட்டதால் அது அழியக்கூட மறுத்தது. படத்துக்கு யார் யாரோ கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அதில் திருடியது எந்தக் கட்டைவிரல் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

சொல்லாமல் விட்டாலும் விட்டிருக்கலாம். லோகேஷ் தானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டான். அப்படி ஒரு யோசனை வந்ததற்காகவே அவள் தன்னைக் கேவலமாக நினைத்தாள். புடவையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி அவன் மடியில் வைத்தாள்.

“நான்தான் மாமா காட்டிக் குடுத்துட்டேன். லென்ஸ் பாக்கறதுக்கு குரூப்ல ஒரு படம் போட்டேனே, அதுலேருந்து எடுத்திருக்கானுங்க.”

அவன் புடவையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். விசைத்தறி என்று தெரிந்தது. பிறகு முன்பக்கம் திருப்பி ஒடிந்த வாலில் விரலை வைத்தான்.

“எண்ணியிருக்கான்” என்றான். விரலை எடுக்காமலே, “நானுங்கூடதான எண்ணனேன்” என்றான்.

அவன் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. அன்று முழுக்க நெய்தான், அடுத்த நாளும் நெய்தான், புடவையை முடித்துத் தறியிலிருந்து அறுத்து எடுத்தான். ஆவணிக்குச் சொன்னது சொன்னதுதான் என்று ராமராஜன் கடைக்குக் கிளம்பினான். அவள் கேட்காமலே கூடப் போனாள்.

ராமராஜன் புடவையின் முந்தியைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்தார். கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துவரச் சொன்னார். அவர் கடைக்கே அந்த விசைத்தறித் தும்பி வந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்.

“நீயும் இதயே தூக்கிக்கினு வந்துட்டியா லோகேஷு? வந்ததுதான் வந்த, சரியாவாவது பாத்து அடிச்சிருக்கக் கூடாதா? ஒரிஜினல்ல வால் லேசா வளஞ்சிருக்குது பாரு, உக்காரப் போற தும்பியாட்டம். அதுக்காகத்தான் கேட்டு வாங்கறாங்க. உன்னுது கம்பியாட்டம் நேரா நிக்குது. காப்பி அடிக்கிறவன் அங்கதான்பா கோட்ட விடுவான்.”

லோகேஷ் புடவை முழுவதையும் உதறிப் பிரித்து உள்கோடியைத் தேடி எடுத்து அவர்முன் வைத்தான். அங்கே ஒடிந்த வால்கள் வரிசையாக வந்து, ஓரிடத்தில் நின்றன, அடுத்த தும்பியிலிருந்து வால் நேரானது. ராமராஜன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அந்தத் தொழிலிலேயே நரைத்தவர், விளக்கம் கேட்கவில்லை. தப்பும் திருத்தமும் ஒரே புடவையில் இருந்தால் அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் வெட்கப்பட்டார். பிறகு கடைக்காரரானார்.

எனக்குப் புரிகிறது, வாங்க வருகிறவர்களுக்கு யார் சொல்வது, முந்தியைக் காட்டி விற்கிற வியாபாரத்தில் உள்கோடியைப் பிரித்துப் பிரித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். வேண்டுமானால் ஒன்று செய்யலாம் என்றார். அந்தப் பழைய அட்டைகளையே திரும்ப ஏற்றி, வால் வளைந்த மாதிரி கைத்தறியில் நெய்து கொடுத்தால், நிபந்தனையை விட்டுவிட்டுத் தொடர்ந்து எடுத்துக்கொள்ளத் தயார்.

“என் தப்ப நானே காப்பி அடிக்கணுமாண்ணே?” என்றான் லோகேஷ். புடவையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

கலைவாணிக்கு அங்கேயே அழுகை வந்தது, கடை என்பதால் அடக்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அவன் தும்பி அட்டைகளை ஜக்கார்டிலிருந்து இறக்கிக் கட்டி, பரண்மேல் போட்டான். புடவையை அவளிடம் கொடுத்து, நீயே கட்டிக்கொள் என்றான். அவள் கட்டவில்லை. உள்கோடியில் ஒடிந்த தும்பியும் நேரான தும்பியும் அடுத்தடுத்து இருந்த இடத்தை மட்டும் ஒரு படம் எடுத்தாள். அவள் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். எந்தக் குழுவிலும் போடவில்லை.

ஆவணி வந்து போனது. தறியில் புதுப் பாவு ஏறியது. அவன் மறுபடியும் கட்டத்தாளில் எதையோ வரைந்ததும், அட்டை குத்தப் போய் வந்ததும் அவளுக்குத் தெரியும். என்ன என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மாடிக்குப் போகும் படி முன்கூடத்துக்குள்தான் இருந்தது, தறியைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டே போய் வந்துகொண்டிருந்தாள். ஒரே வீட்டில் அப்படி நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலாற்றிலிருந்து திரும்பியவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே தறி நாடா ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“மாமா, துண்டப் போடு. கேமரா வெச்சிருக்கேன்.”

சத்தம் நின்றது. அவன் துண்டைக் கையில் எடுத்தான். அவளைப் பார்த்தான். பிறகு அதனால் முகத்தைத் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டான்.

“கேமராவ அங்கயே வெச்சிட்டு நீ வா” என்றான்.

அவள் பையைக் கழற்றி வாசற்படியோரம் வைத்துவிட்டு உள்ளே போனாள். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு விரல் தூரம் வரைக்கும் குனிந்து பார்த்தாள். இழையை எண்ண முடியவில்லை, எண்ண வேண்டும் என்றும் தோன்றவில்லை. அழகாக இருக்கிறது என்றாள். அவன் கேட்காத மாதிரி நாடாவை இழுத்தான்.

அது என்ன பார்டர் என்று இங்கே சொல்வதற்கில்லை. தை பிறக்கட்டும்.