மருந்து படாத கூண்டு

கர்ப்பத்தடைக்கான மருந்தைக் குடித்த சுண்டெலிகளுக்குச் சினைச் சுழற்சி நின்றால் அது சாதனை. மருந்தே குடிக்காத எலிகளுக்கும் நின்றிருந்தது. அதற்குப் பேராசிரியர் ஒரு பெயர் வைத்திருந்தார்.

"அந்தக் கூண்டு சீக்குக் கூண்டும்மா. தூக்கிப் போடு. போன வருஷம் மருந்தில்லாம வெச்சிருந்தோமே, அதோட கணக்க எடுத்துப் பக்கத்துல வெச்சுக்க" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் இப்படித்தான் சர்வசாதாரணமாகப் பேசுவார்கள்.

ஆய்வு மாணவி தலையாட்டவில்லை. தினமும் காலையில் ஒவ்வொரு பெண் எலியின் பிறப்புறுப்பையும் பஞ்சுக்குச்சியால் தொட்டு, கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவள் அவள். ஈஸ்ட்ரஜன் ஏறி முட்டை வெளிவரும் நேரத்தில் செதில் செதிலாகச் செல்கள் தெரியும். ஓய்வு நாளில் வெள்ளணுக்கள். நாலைந்து நாளுக்கொருமுறை மாறி மாறி வரவேண்டியது, இப்போது எந்தத் தகட்டைப் பார்த்தாலும் வெள்ளணுக்களாகவே இருந்தது. ஆனால் எலிகள் நன்றாகத் தின்றன, ஓடின, அவள் விரலைக் கடிக்கவும் செய்தன. சீக்கு எலி இந்தக் கடி கடிக்காது.

போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தவளுக்குச் சிரிப்பு வந்தது. போன வருஷம் ஆண் எலிகளும் இதே அறையில் இருந்தன. நாற்றம் தாங்கவில்லை என்று அவற்றை அடுத்த கட்டிடத்துக்குத் துரத்தியவர் சாட்சாத் பேராசிரியரேதான். ஆண் வாடையே இல்லாமல் பெண் சுண்டெலிகளை ஒன்றாக அடைத்துவைத்தால் மூளை சினைப்பைக்குச் சொல்லி அனுப்புவதை நிறுத்திவிடும். ஆணின் மூத்திர வாடை மூக்கில் ஏறினால் போதும், மறுபடி தொடங்கிவிடும். பாடப்புத்தகத்திலேயே இருப்பதுதான். அவளும் படித்ததுதான், மறந்து தொலைத்திருந்தாள். தன்மேலேயே கோபம் வந்தது.

அடுத்த கட்டிடத்திலிருந்து ஆண் கூண்டுகளின் அழுக்கு மரத்தூளை அள்ளி வந்து எல்லாக் கூண்டுகளிலும் போட்டாள். ஒரு வாரம் தாண்டவில்லை, எல்லாத் தகட்டிலும் செதில் செல்கள். மருந்து குடிக்காதவற்றில் மட்டுமல்ல, தினமும் குடித்துக்கொண்டிருந்தவற்றிலும். மருந்து ஒரு மண்ணும் செய்யவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

பேராசிரியரிடம் சொன்னாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மருந்துக் கம்பெனிக்காரங்க நாளைக்கு வராங்க. பொம்பளைங்களுக்குக் கர்ப்பத்தடை மாத்திரையா கொண்டுவரப் போறாங்க. நீ தூள் போட்ட கதைய அங்க எடுக்காத. உன் பட்டத்துக்குக் கையெழுத்துப் போடறது நான்தான், ஞாபகம் வெச்சுக்க."

அன்று வீட்டில் அக்காவும் அதையேதான் சொன்னாள். "பட்டத்த வாங்கற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருடி. அப்புறம் யாரோட வேணா சண்ட போடு."

மறுநாள் கூட்டத்தில் பேராசிரியர் பேசப் பேச, அவள் கணினியில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மருந்து படாத எலிகள் என்று போன வருஷத்துக் கணக்கு திரையில் வந்தது. "அடுத்தது" என்றார். அவள் கை அசையவில்லை.

"அடுத்தது போடும்மா."

"இது இந்த எலிங்க இல்ல சார்" என்றாள். கம்பெனிக்காரர்கள் பக்கம் திரும்பித் தொடர்ந்தாள். "இந்த வருஷம் மருந்து போடாததுக்கும் நின்னுபோச்சு. ஆண் கூண்டுத் தூளப் போட்டதும் ரெண்டுக்குமே திரும்பிடுச்சு. இந்த மாத்திரைய நம்பற பொம்பளைக்குக் கண்டிப்பா கொழந்த பொறக்கும்."

கம்பெனிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பைகளை மூடும் சத்தம் கேட்டது.

அறை காலியானதும் பேராசிரியர் கதவைக் காட்டினார். "உன் வாயாலயே உன் படிப்பக் கெடுத்துக்கிட்ட."

"ஆமா சார். என் வாயாலதான் கெட்டுது, உங்க கையெழுத்தால இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் இறங்கும்போது கண்ணீர் வந்தது; துடைக்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டாள்.

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா பெருமூச்சு விட்டாள். "இப்பவாவது போய் ஒரு மன்னிப்புக் கேட்டா சேத்துக்குவாராடி?"

"சேத்துக்குவாருக்கா. நான்தான் கேக்கமாட்டேன்."