சக்கரக்காவின் வெப்சைட்

சக்கரக்காவுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவே இல்லை. சக்கர நாற்காலி ரிப்பேர் செய்கிறவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வீட்டின் முன்பக்கம் இருந்த அவள் பட்டறைக்கு அன்று காலையில்தான் வெப்சைட் திறந்தது. செய்தது கூடப்பிறந்த தங்கச்சி. நல்ல வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டுகிறாளே என்று சொந்தக்காரர்கள் வாயில் போட்டு மென்றார்களே, அதே தங்கச்சிதான்.

"தேடிப் பாருங்க, என் தங்கச்சி செஞ்சது!" பால்காரர், பக்கத்துக் கடைத் தையல்காரர், யாரையும் விடவில்லை.

தேடிப் பார்த்தார்கள். வரவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஒரு மாதம் ஓடிவிட்டது. டயர் வாங்கச் சக்கர நாற்காலி ஷோரூமுக்குப் போனபோது முதலாளி பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் அக்கா அவரிடம்தான் வேலை பார்த்தாள். "பழசை எதுக்கும்மா நோண்டுறே, புதுசை வித்துத் தள்ளு" என்று அவர் சொல்லப்போய், ஸ்பேனரை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தவள்.

"தேடினா கண்டதும் வருது, உன் கடையை மட்டும் காணோமே! தங்கச்சி உனக்கு நல்லா படம் காட்டியிருக்கா போ." கடையே சிரித்தது.

"என்னை என்ன வேணா சொல்லுங்கண்ணே. அவளைச் சொல்லாதீங்க."

சொல்லிவிட்டாளே தவிர, வழியெல்லாம் அதே நினைப்பு. தன் கடை தெரியாவிட்டால் போகட்டும், சனியன். இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று நாலு பேர் சொல்வதை எப்படித் தாங்குவது?

வீட்டில் தங்கச்சி, வெப்சைட்டுக்கு யார் யார் வந்து போனார்கள் என்ற பதிவைத் திறந்து பார்த்தாள். "வந்திருக்குக்கா. பலதடவை வந்திருக்கு."

"யாருடி?"

"க்ராலர். தேடுற கம்பெனியோட புரோகிராம். ஒரு பக்கத்துல இருக்கிற லிங்கைப் பிடிச்சு அடுத்த பக்கத்துக்குப் போகும். போற இடத்துல என்னென்ன வார்த்தை இருக்குன்னு குறிச்சு வெச்சுக்கும். நாம தேடுறப்ப அந்தக் குறிப்புல இருந்துதான் எடுத்துக் காட்டுவாங்க. ஆனா உள்ளே வர்றதுக்கு முன்னாடி, வாசல்ல ஒரு ஃபைல் இருக்கும், அதைப் படிக்கும். நம்ம வாசல்ல படிச்சிட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கு."

"அப்படி என்ன எழுதியிருக்கு?"

"யாரும் உள்ளே வராதீங்கன்னு."

"எந்த மடச்சி அப்படி எழுதச் சொன்னா?"

தங்கச்சி அக்காவையே பார்த்தாள். அக்காவுக்கு மெல்ல உறைத்தது. அரைகுறையாக இருந்தபோது முதுகுக்குப் பின்னால் நின்று "முழுசா முடியற வரைக்கும் ஈ காக்கா பார்க்கக் கூடாது" என்று குதித்தது யார்?

"நான் சொன்னா நீ அதை மெஷினுக்கே சொல்லிடுவியா?"

"நீ சொல்லி என்னிக்குக்கா நான் கேக்காம இருந்திருக்கேன்? முடிஞ்சதும் எடுக்க மறந்துட்டேன்." இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தங்கச்சி அந்த வரியை எடுத்தாள். எல்லாப் பக்கங்களின் பட்டியலையும் தேடுகிற கம்பெனிக்கு அனுப்பினாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கோளாறுதான் தலைப்பு: 'முன் சக்கரம் ஆடுது', 'பிரேக் பிடிக்க மாட்டேங்குது'. அக்கா வாயால் சொன்னது சொன்னபடி.

"கொஞ்சம் கௌரவமா எழுதேன்டி!"

"நாற்காலி நின்னு போய் நடுவழியில கிடக்கிறவங்க கௌரவமாவா தேடுவாங்க?"



சில வாரம் கழித்து, கை நிறைய கிரீஸோடு அக்கா ஒரு அச்சைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஷோரூம் முதலாளி. குரலில் சுரத்தே இல்லை.

"இங்க ஒருத்தர் வந்திருக்கார்மா. முன் சக்கரம் ஆடுதாம். புதுசு வேண்டவே வேண்டாங்கறார். என் கண்ணு முன்னாடியே செல்லுல 'முன் சக்கரம் ஆடுது'ன்னு போட்டார், முதல்ல உன் கடைதான் வருது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எப்படி வரணும்னு கேக்கறார். வழியைச் சொல்லு."

அக்கா கிரீஸ் கையோடு திரும்பினாள். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருந்த தலையைப் பார்த்தாள். அந்தத் தலைக்குக் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள்.

"வழியும் அதுலயே இருக்குண்ணே. தேடிப் பாருங்க, என் தங்கச்சி செஞ்சது!"