சூனியக்காரியின் குரல்

தங்கை கடைசியாகக் குரல் கொடுத்த ஒலிப்புத்தகம், அவள் இறந்து சில மாதங்கள் கழித்து வெளிவந்தது. திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்க்கும் அக்கா, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு, மிஷினை மிதித்தபடியே கேட்கத் தொடங்கினாள்.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மாயக்கதை. சிறகு முளைத்த பையன், அவனைக் கண்டாலே சண்டையும் காதலும் சேர்ந்து வரும் பெண், பேசும் வாள். இதெல்லாம் ஒரு கதையா என்று அக்காவுக்கு அலுப்புத் தட்டியது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. தங்கை வாக்கியத்துக்கு முன் இழுக்கும் மூச்சுகூட அப்படியே கேட்டது.

ஏழாம் அத்தியாயத்தில் சூனியக்காரி வந்தாள். மிதித்த கால் நின்றது. அது அக்காவின் குரல். அதே அதட்டல், அதே இழுவை. கள்ளி, என்னைப் போய்ச் சூனியக்காரியாக்கிவிட்டாளே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது.

சிறைப்பட்ட பெண் தண்ணீர் கேட்டாள்.

"ஒரு வாய்கூடக் கிடையாது. கண்ணை மூடிப் படு, விடிஞ்சதும் பாத்துக்கலாம்."

தண்ணீர் தரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த தங்கையிடம் அக்கா சொன்ன வார்த்தைகள், எழுத்துப் பிசகாமல். அறையில் வேறு யாரும் இருக்கவில்லை. விடிவதற்குள் தங்கை போய்விட்டாள்.

ஒலிப்பதிவு செய்தவருக்குப் போன் போட்டாள்.

"அந்த வரி புத்தகத்துல இல்லைங்க. அவங்களாவே சேத்துச் சொன்னாங்க. நல்லா இருந்துச்சேன்னு விட்டுட்டோம்."

"எப்பப் பதிவு பண்ணீங்க?"

"அவங்களுக்கு உடம்பு முடியாம போறதுக்கு ரொம்ப முன்னாடியே."

சில நாள் அந்த ஒலிப்புத்தகத்தின் பக்கமே போகவில்லை. பயம் ஒருபுறம், அந்தக் குரலுக்கான ஏக்கம் ஒருபுறம். ஒரு ஞாயிறு மதியம் கணவர் பால்கனியில் செடிக்கு மண் கிளறிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் போட்டாள். வழக்கம்போல வாள் வளவளவென்று பேசியது. பிறகு சூனியக்காரி வாயைத் திறந்தாள்.

"என்னங்க... எந்திரிங்க. விளையாடாதீங்க. கண்ணைத் திறந்து பாருங்க."

அதுவரை எல்லோரையும் வாடி, போடா என்று விரட்டியவள் அவள். அக்கா வீட்டில் 'ங்க' போட்டுப் பேசுவது ஒரே ஒருவரிடம்தான். இந்த வார்த்தைகளை இன்னும் அவரிடம் சொன்னதில்லை.

இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பால்கனிக்கு ஓடினாள்.

"என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் கணவர்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போய்ட்டு வரலாங்க."

"எனக்கென்ன கேடு? நல்லாத்தானே இருக்கேன்."

மண் அப்பிய அவர் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் போனார்கள். கணவர் டாக்டரிடம் ஏதோ கிண்டலாகச் சொல்லிச் சிரித்தார். டாக்டரும் சிரித்துக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பை அவர் மார்பில் வைத்தார். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. வைத்த இடத்திலிருந்து அதை எடுக்காமல், நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.