மூன்று உயிரும் முக்கால் நிமிடமும்

வந்தவன் டம்ளரை இடது கையால் எடுத்தான். டைப்பிஸ்ட் அக்கா அதைக் கவனித்தாள். தம்பியும் இடக்கைக்காரன்தான். உடனே மனசு குறுக்குக் கேள்வி போட்டது: ஊரில் இடக்கைக்காரனுக்கா பஞ்சம்?

கோர்ட்டில் பதினெட்டு வருஷமாகத் தட்டச்சு செய்கிறவள் அவள். சத்தியம் பண்ணிவிட்டுப் புளுகுகிறவர்களைத் தினமும் காதால் கேட்டு விரலால் அடிக்கிறவள். அப்படிப்பட்டவளிடம் ஒருவன் வந்து, பதிமூன்று வயதில் வீட்டை விட்டு ஓடிய தம்பி நான்தான் என்றால் சும்மா நம்பிவிடுவாளா? அதுவும் இருபது வருஷம் கழித்து, அப்பா இறந்த செய்தி பேப்பரில் வந்த மூன்றாம் வாரம், வீட்டை விற்கப் பேசிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து! தாடி, தடித்த குரல், லாரி ஓட்டிக் காய்த்துப்போன கை.

மாடிப்படியில் மூன்றாவது படி ஆடும் என்றான். யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். தாடைத் தழும்பைக் காட்டினான். தழும்பு இல்லாத லாரிக்காரன் எங்கே இருக்கிறான்? அவன் அடையாளம் ஒன்று சொன்னால் இவள் அதில் ஓட்டை ஒன்று கண்டுபிடித்தாள்.

"பங்கு கேக்க வந்தவன்தான், சந்தேகமே வேணாம்," என்று அண்ணன் சமையலறையில் கிசுகிசுத்தார். "என்னைப் பார்த்து வாங்க போங்கன்னு பேசறான். கூடப்பிறந்தவன் அப்படியா பேசுவான்?"

"நீங்களும்தான் அவனை வாங்க போங்கன்னு பேசறீங்க."

"தெரியாத ஆளை வேற எப்படிப் பேசறது?"

அண்ணன் பயம் பங்கைப் பற்றியது. அவள் பயம் வேறு. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? இவன் நிஜத் தம்பியாகவே இருந்துவிட்டால் அந்த முகத்தை எப்படி நிமிர்ந்து பார்ப்பது? போலியாக இருந்து தொலைக்கட்டும் என்றுதான் உள்ளூர வேண்டிக்கொண்டாள்.

தெருக்கோடியில் அந்தக் காலத்தில் வீடியோ கேம் கடை ஒன்று இருந்தது. பீரோ உயரத்தில் ஏழு மெஷின்கள். புள்ளிகளை விழுங்கியபடி பேய்களுக்குத் தப்பி ஓடும் மஞ்சள் உருண்டை ஒன்றில். வரிசை வரிசையாக இறங்கி வரும் விண்கலங்கள் இன்னொன்றில். காசு போட்டதும் ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதைக் கேட்டால் கடைக்குப் போன பிள்ளை எண்ணெய் வாங்க மறந்துவிடும். இரவில் மெஷினை அணைத்தால் வென்றவர் பட்டியல் அழிந்துவிடும். ஆனால் தம்பி ஓடிப்போன வருஷத்துக் கோடை விடுமுறை முழுக்க, மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு ஷட்டர் ஏறும்போது விண்கல மெஷினின் முதலிடத்தில் தம்பி பெயரின் மூன்றெழுத்து மறுபடி உட்கார்ந்திருக்கும். தெருவே அவனைச் சாம்பியன் என்று கொண்டாடியது.

அதை அப்பாவிடம் போட்டுக்கொடுத்தவர் அண்ணன். அப்பா பெல்ட்டைக் கழற்றினார். விடிந்தபோது தம்பி வீட்டில் இல்லை.

யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. தம்பி சாம்பியனே இல்லை. மத்தியானம் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கப் போவார். கண்ணாடி துடைப்பது தம்பி வேலை. அதற்குக் கூலி இலவச ஆட்டம். பெண்பிள்ளை அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அதனால் அக்கா பின்வாசலில் நுழைவாள். அவன் துடைப்பான், அவள் ஆடுவாள், கடைசியில் அவன் பெயரைப் பதிவாள். பெல்ட் விழுந்த அன்று அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை.

கடை இப்போது ஜெராக்ஸ் கடை. அதே கடைக்காரர் தூக்கிப்போட மனசு வராமல் அந்த விண்கல மெஷினை மட்டும் மூலையில் வைத்திருந்தார். அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது. வந்தவனை அங்கே கூட்டிப்போனார், அக்காவும் பின்னாலேயே போனாள்.

"சாம்பியனாச்சே, ஆடிக் காட்டட்டும். நீச்சலும் சைக்கிளும் மறக்குமா?"

அண்ணன் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். நன்றாக ஆடினால் போலி. தெருக்கதையைக் கேட்டுப் பழகிக்கொண்டு வந்தவன். எனக்கு ஆடவே வராது என்று சொன்னால் தம்பி. அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, ஆடறேன்," என்றான் அவன்.

மாட்டினான், போலிதான் என்று நினைத்தாள். நெஞ்சு லேசானது. அப்படி லேசானதற்கே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

திரை மெல்ல வெளுத்து, சூடேறிய தூசியின் வாசனை வந்தது. யார் யாரோ வைத்த சிகரெட் சுட்டுக் கறுத்த பொத்தான் பலகையில் கை வைத்தான். ஒரு கலத்தைக்கூட அவன் சுடவில்லை. குண்டு இறங்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூன்று உயிரும் முக்கால் நிமிடத்தில் முடிந்தன.

ஆடும்போது கண்ணை மூடுகிற ஆளை உலகத்தில் ஒருவனைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். அவள் வற்புறுத்தி ஆடவைத்த இரண்டொரு மத்தியானம் தம்பி இப்படித்தான் கண்ணை மூடினான், அவளைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை.

"போதுங்க," என்றார் அண்ணன். "சாயங்கால பஸ் இருக்கு. கிளம்புங்க."

"கை மறந்துபோச்சு," என்றான் அவன். அக்கா பக்கம் திரும்பவே இல்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

'ஆடினது அக்கா' என்ற ஒரே ஒரு வாக்கியம் அவனுக்குப் போதும். அதை அவன் சொல்ல மாட்டான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணா, அவனுக்கு ஆடவே வராது. அப்பவும் இப்படித்தான் கண்ணை மூடிக்குவான். ஆடினது நான்."

"எது? நீயா?" அண்ணன் சந்தேகம் இப்போது அவள் மேல் திரும்பியது. "அவனைக் காப்பாத்த எதையாவது உளறாத."

"அன்னிக்கு அவன் வாங்கின அடி என்னோடது. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டிருந்தேன். பயத்துல வாயே திறக்கல."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "எனக்கு அப்பவே உறுத்தும். அவன் ஆடி ஒருத்தரும் பார்த்ததில்லையே."

அண்ணன் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு வந்தவனை நிமிர்ந்து பார்த்தார்.

"நீயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா?"

"சொல்லியிருந்தா அந்த பெல்ட் அக்கா மேல விழுந்திருக்கும்ணா," என்றான் அவன். "நானாவது ஓடிப்போனேன். அவ எங்க ஓடுவா?"